பிஞ்சில் பழுத்தது என்று சொன்னவன்

ஓர் இளைஞர் தோற்றுப்போக வேண்டும் என்று பல வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். அவரை எனக்கு நேரில் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிய வழியே இல்லை. அவர் ஹெல்சிங்கியில் பிறந்தவர். நான் தாமிரபரணிக் கரையில் ஒரு சபையின் பாடகர் குழுவை நடத்திவந்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு சின்னக் குச்சி. அவர் அதைத் தூக்கினால் நூறு பேர் வாசிப்பார்கள். நான் தூக்கினால் முப்பது பேர் பாடுவார்கள், அதிலும் சிலர் கொஞ்சம் பொறுத்துச் சேர்ந்துகொள்வார்கள்.

எங்கள் ஆராதனையில் வாராவாரம் பாவ அறிக்கை உண்டு. எல்லோரும் சேர்ந்து, எந்தப் பாவம் என்று சொல்லாமல், பொதுவாக அறிக்கையிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். அந்த வசதியை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. என் பாவத்தின் பெயர் பொறாமை. அதை இசை ரசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பொறாமையால் என் பக்கத்திலேயே இருந்த ஒரு பிள்ளையின் வழியை அடைத்தேன்.

முதலில் அந்த ஃபின்லாந்துக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளவுஸ் மேக்கெலா 1996 ஜனவரியில் பிறந்தார். அப்பா செல்லோ வாசிப்பவர், அம்மா பியானோ வாசிப்பவர். 2018-இல் நார்வேயின் ஓஸ்லோ ஃபில்ஹார்மோனிக் தன் அடுத்த தலைமை நடத்துநராக அவரை அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 22. 2020-இல் பாரிஸ் இசைக்குழு அவரைத் தன் இசை இயக்குநராக அறிவித்தது. 2022 ஜூனில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ், 2024 ஏப்ரலில் சிகாகோ சிம்பொனி.

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்காதவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாது. கான்செர்ட்கெபவ் 1888-இல் தொடங்கிய குழு. உலகத்தின் முதல் மூன்று குழுக்களைச் சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் அதன் பெயர் பெரும்பாலும் வந்துவிடும். சிகாகோ 1891-இல் தொடங்கியது. ஃப்ரிட்ஸ் ரைனர், ஜார்ஜ் ஷோல்ட்டி, டேனியல் பாரன்பாய்ம், ரிக்கார்டோ முட்டி என்று அங்கே உட்கார்ந்தவர்களின் பெயர்களைக் கேட்டாலே எங்களைப் போன்றவர்கள் எழுந்து நிற்போம். அந்த நாற்காலியில் 2027-இல் மேக்கெலா உட்காரும்போது அவருக்கு 31 வயது. அந்தக் குழுவின் வரலாற்றில் அத்தனை இளம் வயதில் யாரும் அந்தப் பொறுப்புக்கு வந்ததில்லை.

ஒவ்வொரு அறிவிப்பு வந்தபோதும் என் மனம் என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஓஸ்லோ செய்தியைப் படித்தபோது சிரித்தேன். சின்னப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி டிக்கெட் விற்கப் பார்க்கிறார்கள் என்றேன். பாரிஸ் செய்திக்கு எரிச்சல் வந்தது. ஆம்ஸ்டர்டாம் செய்தி வந்த அன்று இரவு நெடுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்து அந்த மனிதரின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கோட்டு, நல்ல முகவெட்டு. "மூஞ்சியைப் பார்த்துக் கொடுத்திருக்கான்" என்று என் மனைவியிடம் சொன்னேன். "நீங்க அவரு நடத்துனதக் கேட்டிருக்கீயளா?" என்று அவள் கேட்டாள். கேட்டிருக்கிறேன் என்றேன். அது பொய். யூடியூபில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

2022-இல் ஓஸ்லோ குழுவோடு அவர் சிபேலியஸின் ஏழு சிம்பொனிகளையும் பதிவு செய்தார், டெக்கா நிறுவனம் வெளியிட்டது. சிபேலியஸ் ஃபின்லாந்தின் பெருமை. அந்த நாட்டுப் பிள்ளை தன் முதல் பெரிய பதிவாக அதையே எடுத்துக்கொண்டது இயல்பு. விமர்சனங்கள் கலவையாக வந்தன. சிலர் கொண்டாடினார்கள். சிலர், பளபளப்பு இருக்கிறது, அடியில் போதிய ஆழம் இல்லை என்ற பொருளில் எழுதினார்கள். பாராட்டியவற்றை நான் பாதியில் மூடினேன். குறை சொன்னவற்றைச் சேமித்து வைத்தேன், சிலவற்றை அச்செடுத்தும் வைத்தேன். பயிற்சிக்கு வருகிற நண்பர்களுக்கு அவற்றை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்தப் பதிவின் ஒரு சிம்பொனியைக்கூட அப்போது நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. கேட்காமலே அதன் குறைகள் எனக்கு மனப்பாடம்.

பொறாமை தன் பெயரில் வெளியே வராது. கொள்கை வேடம் போட்டுக்கொண்டுதான் வரும். என் கொள்கை இது: நடத்துநர் என்பவர் வயதில் பழுக்க வேண்டும். இதற்கு என்னிடம் நல்ல நல்ல உதாரணங்கள் இருந்தன. பியர் மோந்தே 86 வயதில் லண்டன் சிம்பொனியின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது 25 வருட ஒப்பந்தம் போட்டார். ஹெர்பர்ட் ப்ளூம்ஷ்டெட் 1927-இல் பிறந்தவர், 95 வயதைத் தாண்டிய பிறகும் மேடையேறி நடத்தினார். கிறிஸ்துமஸ் கூட்டங்களில் இந்தக் கதைகளை நான் சுவையாகச் சொல்லுவேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் வயதாகிறது என்பதால் இந்தக் கதைகள் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தன என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

அதே அலமாரியில் இருந்த மற்றக் கதைகளை நான் எடுக்கவே மாட்டேன். டோஸ்கனினி 1886-இல் ரியோ டி ஜெனீரோவுக்கு ஓர் ஓபரா குழுவில் செல்லோ வாசிக்கப் போனவர். நடத்துநர்களைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்டிவிட, 19 வயதுப் பையன் மேடையேறி வெர்டியின் 'ஐடா' முழுவதையும் நினைவிலிருந்தே நடத்தினான். கான்செர்ட்கெபவுக்கு வில்லம் மெங்கல்பெர்க் 1895-இல் தலைமை ஏற்றபோது வயது 24. பிறகு ஐம்பது வருடம் அவரே அங்கே இருந்தார். ஆகவே 26 வயதுக்காரரை அறிவித்து அந்தக் குழு தன் மரபைக் கெடுத்துவிட்டது என்று நான் பேசியது வெறும் உளறல். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1943 நவம்பர் 14 அன்று, ப்ரூனோ வால்ட்டருக்குக் காய்ச்சல் என்று, ஒத்திகைகூட இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். அப்போது அவருக்கு 25. வானொலியில் நாடே கேட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி.

இதில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் ஸுபின் மேத்தா. 1936-இல் பம்பாயில் பிறந்தவர். 1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானபோது வயது 26. அந்தப் பதவி முதலில் ஷோல்ட்டிக்குப் போயிருந்தது. தன்னைக் கேட்காமல் மேத்தாவைத் துணை நடத்துநராகப் போட்டார்கள் என்று ஷோல்ட்டி விலகிக்கொண்டார், இடம் மேத்தாவுக்கு வந்தது. இந்தக் கதையை எத்தனையோ பிள்ளைகளிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். மேத்தா என்றால் விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பேன். மேக்கெலா என்றால் பிஞ்சில் பழுத்தது என்பேன். வயது அதே வயது. நம் ஊர்க்காரர் என்றால் மேதை, அயலூர்க்காரர் என்றால் விளம்பரம். இதற்கு ரசனை என்று பெயர் வைத்திருந்தேன்.

சிகாகோ செய்தி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மேக்கெலாவைக் குறை சொல்லி, பொதுவாக இந்த இளமை மோகத்தைக் குறை சொல்லி, ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் ஆதாரம் இல்லாமல் எழுதக் கை வரவில்லை. ஆதாரம் தேடத் தேட, ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

முதல் குற்றச்சாட்டு: ஒரே ஆள் நான்கு குழுக்களைக் கட்டி மேய்க்கிறார். இதை நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். ஆனால் ஓஸ்லோவிலும் பாரிஸிலும் அவர் பொறுப்பு முடிவதும், ஆம்ஸ்டர்டாமிலும் சிகாகோவிலும் முழுப் பொறுப்பு தொடங்குவதும் 2027-இல்தான். நடுவில் ஆம்ஸ்டர்டாமில் கலைத் துணைவர், சிகாகோவில் நியமிக்கப்பட்டவர் என்ற நிலை. சுமை அதிகம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நான்கு வீட்டுக்கு ஒரே நாளில் குடும்பத் தலைவர் என்று நான் பரப்பிய சித்திரம் பொய்.

இரண்டாவது: அனுபவம் இல்லை. இங்கேதான் என் கட்டுரை உடைந்தது. சிறுவனாக ஃபின்லாந்து தேசிய ஓபராவின் சிறுவர் பாடகர் குழுவில் பாடியவர் மேக்கெலா. மேடைக்குள்ளிருந்து நடத்துநரைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த ஆசையே வந்தது. 12 வயதில் சிபேலியஸ் அகாதமியில் யோர்மா பானுலாவிடம் நடத்தக் கற்கத் தொடங்கினார். பானுலா 1930-இல் பிறந்தவர். எசா-பெக்கா சாலொனென், சகாரி ஒராமோ, யுக்கா-பெக்கா சராஸ்தே, சூசன்னா மால்க்கி என்று உலக மேடைகளில் நிற்கிற பலர் அவர் வகுப்பிலிருந்து வந்தவர்கள். ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டிலிருந்து இத்தனை நடத்துநர்கள் எப்படி வருகிறார்கள் என்று உலகம் வியக்கிறது. அதற்கான காரணங்களில் அவருடைய வகுப்பு முக்கியமானது.

அந்த வகுப்பில் நீண்ட உரை கிடையாது. மாணவர் முன்னால் உயிருள்ள ஒரு சிறு இசைக்குழு உட்கார்ந்திருக்கும். மாணவர் நடத்துவார், கேமரா ஓடும். பிறகு உட்கார்ந்து தன்னைத் தானே பார்க்க வேண்டும். பானுலா அதிகம் பேசாதவர். கை எங்கே தேவையில்லாமல் ஆடியது, எங்கே தாமதமாக வந்தது என்பதைப் படமே சொல்லிவிடும். பியானோ படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் பியானோ இருக்கும். நடத்தப் படிக்கிற பிள்ளைக்குக் கருவியே மனிதர்கள். அந்தக் கருவியை வாரந்தோறும் கையில் கொடுத்துப் பழக்குவதுதான் ஃபின்லாந்து கண்ட வழி. அப்படி 12 வயதில் தொடங்கியவருக்கு, ஓஸ்லோ கூப்பிட்டபோது பத்து வருடப் பயிற்சி இருந்தது. நான் எண்ணியது அவர் பிறந்த நாளிலிருந்து. எண்ணியிருக்க வேண்டியது அவர் மேடையேறிய நாளிலிருந்து.

எனக்கு அந்தப் பத்து வருடம் எங்கே? சால்ஃபா படிக்கத் தெரியும். ஸ்டாஃப் நொட்டேஷன் தட்டுத்தடுமாறி வரும். எனக்கு முன்னால் இருந்த கொயர் மாஸ்டர் கை வீசியதைப் பார்த்து நானும் வீசினேன். யாரும் திருத்தவில்லை. திருத்தக் கூடியவர்களை நான் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

பானுலாவின் முறையைப் படித்த பிறகு, பழைய கேரல் சர்வீஸ் ஒன்றின் வீடியோவைத் தேடி எடுத்தேன். அண்ணன் மகன் கைப்பேசியில் எடுத்தது. அதுவரை அதைப் பாட்டு கேட்பதற்காகத்தான் போட்டிருக்கிறேன், என் கையைப் பார்த்ததில்லை. இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டு என்னை மட்டும் பார்த்தேன். வாய் எல்லா வரிகளையும் பாடிக்கொண்டிருக்கிறது. இடது கை வலது கையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் அப்படியே திருப்பிச் செய்கிறது, தனக்கென்று ஒரு வேலையும் இல்லாமல். கண் முழுக்கத் தாளில். பிறகு சத்தத்தைத் திறந்தேன். என் குச்சி கீழே இறங்கும்போது ஒலி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பாடகர்கள் ஆர்கனைப் பார்த்துப் பாடுகிறார்கள், நான் பாடகர்களைப் பார்த்துக் கை வீசுகிறேன். ஊர்வலத்தில் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே, நான்தான் இழுக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன்.

நடத்துநரின் வேலை ஒலிக்கு முன்னால் இருக்கிறது. குச்சி கீழே விழுவதற்கு முன் மேலே எழுகிற அந்த ஒரு வீச்சில் வேகம், பலம், மூச்சு எல்லாம் இருக்க வேண்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி உலகத்துக்கே தெரிந்த நான்கு சுரங்களில் தொடங்குகிறது என்போம். தாளில் பார்த்தால் முதலில் இருப்பது ஒரு சின்ன ஓய்வுக் குறி. அந்த மௌனத்தை நடத்துநர் காட்டினால்தான் அடுத்த மூன்று சுரமும் நூறு பேரிடமிருந்து ஒன்றாக வரும். இந்த இடம் தேர்ந்தவர்களையே வியர்க்க வைக்கும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தேன். என் கையில் மட்டும் அது இல்லை.

அடுத்ததைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், கீபோர்டு நன்றாக வாசிப்பான், பேஸில் பாடுவான். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் எடுத்திருந்தோம். அதை ஒருமுறையாவது பாடியவர்களுக்கு அந்தக் கடைசிக் கண்டம் தெரியும். அல்லேலூயா, அல்லேலூயா என்று அடுக்கிக்கொண்டே போய், சட்டென்று ஒரு முழு நிறுத்தம். பிறகுதான் அகலமாக, நிதானமாக, இறுதி அல்லேலூயா. அந்த நிறுத்தத்தில் எங்கள் குழுவில் யாராவது ஒருவர் உள்ளே விழுந்துவிடுவார். வருடாவருடம் நடக்கும். பேஸ்காரர்களை நான் வருடாவருடம் திட்டுவேன்.

ஒரு நாள் பயிற்சிக்கு நான் தாமதமாகப் போனேன். கோயில் வராந்தாவில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாட்டு கேட்டது. அந்தப் பையன் நடத்திக்கொண்டிருந்தான், கையில் குச்சி இல்லை. அந்த இடம் வந்தது. இரண்டு கையையும் அப்படியே நிறுத்தினான். உடம்பில் ஓர் அசைவு இல்லை, மூச்சுகூட எடுக்கவில்லை. முப்பது பேரும் சுத்தமாக நின்றார்கள். பிறகு மெல்ல மூச்சு இழுத்தான், அவர்களும் இழுத்தார்கள், கடைசி அல்லேலூயா ஒரே தொண்டையிலிருந்து வந்தது. அந்தப் பாட்டு அப்படி முடிந்து எங்கள் கோயிலில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உள்ளே போனேன். அவன் ஒதுங்கி நின்றான். மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், அந்த இடத்துல நீங்க நிறுத்தும்போதே அடுத்ததுக்கு மூச்சு இழுத்துருதீய. அதான் பேஸ்ல உள்ள வந்துருதாங்க. தப்பு அவங்க மேல இல்ல சார்."

அவன் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் அவ்வளவு வந்தது. சிரித்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும், "தம்பி, பாடதுக்கு வந்தா பாடணும்" என்றேன். சிலர் சிரித்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும். இளைஞர் கூட்டத்தார் சபைக் கமிட்டியிடம், இந்த வருடம் கேரல் சர்வீஸை அவன் நடத்தட்டும் என்று கேட்டார்கள். போதகர் என்னிடம் கருத்துக் கேட்டார். நான் முடியாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நேர்மை. நான் சொன்னது: "நல்ல பையன்தான். இன்னும் பழுக்கணும். இப்பவே தூக்கி விட்டா கெட்டுப்போவான். ஃபின்லாந்துல ஒருத்தனத் தூக்கி வச்சு ஆடுதாங்க, பேப்பர்ல என்ன எழுதுதான் தெரியுமா?" என்று சொல்லி, சேமித்து வைத்திருந்த அந்த விமர்சனத்தைப் பற்றியும் பேசினேன். அக்கறைபோல் இருந்ததால் கமிட்டி ஒப்புக்கொண்டது. ஹெல்சிங்கியில் பிறந்தவர் மீது இருந்த எரிச்சலை, அவரைத் தொட முடியாததால், கைக்கு எட்டிய பிள்ளை மீது இறக்கினேன்.

அந்த வருடமும் நானே நடத்தினேன். அந்த நிறுத்தத்தில் ஒருவர் உள்ளே விழுந்தார்.

அடுத்த வருடம் பையன் பயிற்சிக்கு வரவில்லை. படிப்பு முடிந்து வேலைக்காக வெளியூர் போய்விட்டான். அங்கே ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறான் என்று கேள்வி. நடத்துகிறானா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் விட்டுட்டான் சார்" என்றார்கள். முகத்தில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. நான் செய்தது அவர்களுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

மேக்கெலாவின் சிபேலியஸைக் கடைசியில் கேட்டேன். ஏழாம் சிம்பொனியில் தொடங்கினேன். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரே இயக்கம். முதலில் டிம்பனி, பிறகு தந்திகள் ஓர் ஏணியில் ஏறுவதுபோல் சுரவரிசையில் ஏறி, நாம் எதிர்பார்க்கும் இடத்துக்குப் போகாமல், இருண்ட ஒரு மைனர் ஸ்வரக்கூட்டில் போய் நிற்கும். அந்த வளைவில் அவர் அவசரம் காட்டவில்லை என்று என் காதுக்குப் பட்டது. ட்ரோம்போன் தன் பெரிய இசைவரியோடு வருகிற மூன்று இடங்களில் முதலாவது பிடித்தது. நடுப்பகுதியில் ஓர் இடம் நழுவியதுபோல் இருந்தது. ஆனால் அது உண்மையில் நழுவியதா, நழுவியதாக எங்கோ படித்தது காதில் உட்கார்ந்திருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியவனுக்குக் கிடைக்கிற தண்டனை இதுதான்: பிறகு கேட்டாலும் அவன் காது அவனுடையதாக இருப்பதில்லை.

இதனால் மேக்கெலாவைக் குறையே சொல்லக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. இத்தனை பெரிய இரண்டு குழுக்களை ஒருவர் ஒரே சமயத்தில் ஏற்பது நல்லதா என்பது நியாயமான கேள்வி. சைமன் ராட்டில் 1980-இல் 25 வயதில் பர்மிங்காம் சிட்டி சிம்பொனிக்கு வந்தவர், 18 வருடம் அங்கேயே நின்று அந்தக் குழுவை உலகத் தரத்துக்கு ஏற்றினார். பெர்லின் அதற்குப் பிறகுதான். ஓர் ஊரில் வேரூன்றி வளர்வதா, பல ஊர்களில் பறந்து வளர்வதா என்பதை விமர்சகர்கள் விவாதிக்கட்டும். அவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் சிகாகோவிலும் அவரை விரும்பிக் கேட்டவர்களில் அந்தக் குழுக்களின் கலைஞர்களே முன்னணியில் இருந்தார்கள். குச்சி பிடிக்கிறவரின் சரக்கு என்ன என்று ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிற ஆட்கள் அவர்கள். அவர்களை விட எனக்கு அதிகம் தெரியும் என்று, ஒரு கைப்பேசித் திரையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வருடக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

அந்தப் பையனைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். கமிட்டியில் என்ன பேசினேன் என்பது உட்பட. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தெரியும் சார். அப்பவே ஒருத்தர் சொன்னாங்க" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் ஊருக்கு வந்து நடத்துகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் சார் என்றான். அவன் வரவில்லை. எங்கள் கேரல் சர்வீஸை இப்போது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் நடத்துகிறாள். நான் பேஸ் வரிசையில் நின்று பாடுகிறேன். அல்லேலூயா கோரஸின் நிறுத்தத்தில் போன முறை உள்ளே விழுந்தது நான்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

சபையிலோ, பள்ளியிலோ, மன்றத்திலோ, அலுவலகத்திலோ கையில் ஒரு குச்சியோடு நிற்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து "இன்னும் பழுக்கணும்" என்று சொல்ல வாய் வந்தால், அவனுக்கு எத்தனை முறை குச்சியைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு முறைகூட இல்லை என்றால், பழுக்காதது யார் என்று கேட்க வேண்டியதில்லை. இந்த டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். தவறு செய்தால் செய்யட்டும். நாம் செய்யாததா?